வெறும் "மயோசைட்டிஸ்"னு (தசை அழற்சி) இருந்தா எந்த கோட் போடறது?

கோடிங்_புதுசு:
வணக்கம், சிங்கப்பூர்ல மெடிக்கல் கோடரா (நோய்களுக்கு ஐசிடி-10 பட்டியல்படி கோட் போடற வேலை) சேர்ந்திருக்கேன். டிஸ்சார்ஜ் சம்மரில டாக்டர் "மயோசைட்டிஸ்"னு மட்டும் எழுதியிருக்காங்க, ஆனா நோட்ஸ்ல கண் இமையில ஊதா தடிப்பு, விரல் முட்டில காட்ரன் பேப்யூல் (சின்னச் சின்ன தோல் புடைப்பு), சிகே (தசை சேதமானா ரத்தத்துல ஏறற என்சைம்) ரொம்ப அதிகம், தோளும் தொடையும் பலமில்லன்னு எல்லாம் இருக்கு. நானே டெர்மட்டோமயோசைட்டிஸ்னு (தோலையும் தசையையும் தாக்கற வகை) எம்33.1 போட்டுடலாமா?

ஈசூன்_அக்கா:
போடாதீங்க தம்பி. அறிகுறிய வச்சு நோயை முடிவு பண்றது நம்ம வேலை இல்ல. டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்டு எழுதறது) அனுப்புங்க, நோட்ஸ்ல உள்ளத அப்படியே எடுத்துக் காட்டி "இது எந்த வகை?"ன்னு கேளுங்க, பதிலை நீங்களே சொல்லிக் கொடுத்துடக் கூடாது. தோல் தடிப்பு இல்லாத பாலிமயோசைட்டிஸ்னா எம்33.2, சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற டெர்மட்டோமயோசைட்டிஸ் எம்33.0. வகை சொல்லாத மயோசைட்டிஸுக்கான எம்60.9ல விட்டுட்டா நோயோட தீவிரமே ரெக்கார்டுல வராது, அது நோயாளிக்கு நியாயமே இல்ல.

வார்டு_நர்ஸ்:
அக்கா சொல்றது சரி. பயாப்ஸி, எம்ஆர்ஐ, ஆன்டிபாடி ரிசல்ட் வந்துடுச்சான்னும் பாருங்க, கொழுப்பைக் குறைக்கற ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஹெச்எம்ஜிசிஆர்ங்கிற என்சைமுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தா அது வேற வகை மயோசைட்டிஸ். பெரியவங்களுக்கு டெர்மட்டோமயோசைட்டிஸ்னா கேன்சர் இருக்கான்னும் தேடுவாங்க, நம்ம ஊர்ல மூக்குக்குப் பின்னாடி வர்ற கேன்சரை முக்கியமா பாப்பாங்க, உறுதியாச்சுன்னா அதுக்கும் தனி கோட் வேணும்.

கோடிங்_புதுசு:
ரொம்ப நன்றிக்கா, க்வெரி இப்பவே எழுதறேன்.