வேலை போனதை ஆங்கிலத்தில் சொல்வது: 'ஃபயர்டு', 'லெய்டு ஆஃப்', 'ரிடன்டன்ட்' குழப்பம்

கேள்வி:
நான் பணியாற்றிய பிரிவையே நிறுவனம் மூடிவிட்டதால் என் வேலை போய்விட்டது. அண்மையில் ஒரு நேர்காணலில், முந்தைய வேலையை விட்டதற்குக் காரணம் கேட்டபோது 'ஐ வாஸ் ஃபயர்டு' என்றேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னதில் என்ன பிழை? கடிதத்தில் 'ரிடன்டன்ட்' என்றுதான் இருந்தது. அகராதியில் 'தேவைக்கு மிஞ்சிய' என்று பொருள் கண்டு மனம் நொந்ததால் அச்சொல்லைத் தவிர்த்தேன்.

மறுமொழி 1:
'ஃபயர்டு' என்றால், நடத்தையிலோ திறமையிலோ குறை கண்டு வெளியேற்றினார்கள் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். பிரிட்டனில் பேச்சுவழக்கில் இதையே 'சாக்டு' என்பார்கள். சாக்குப்பைக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை. உங்களுக்கு நேர்ந்தது ஆட்குறைப்பு. அதை அமெரிக்கர்கள் 'லெய்டு ஆஃப்' என்றும், பிரிட்டனில் 'மேடு ரிடன்டன்ட்' என்றும் சொல்வார்கள். மிஞ்சிப்போனது பணியிடமே தவிர நீங்கள் அல்ல. அதனால்தான் அங்கே குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றிய ஊழியருக்கு, இக்காரணத்தால் வேலை போனால் சட்டப்படி இழப்பீடு உண்டு.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் 'லே-ஆஃப்' என்ற சொல்லைச் சட்ட ஆவணங்களில் கண்டால் சற்று நிதானிக்க வேண்டும். இந்தியாவின் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில், மூலப்பொருள் தட்டுப்பாடு, இயந்திரப் பழுது போன்ற காரணங்களால், பெயர்ப்பட்டியலில் உள்ள தொழிலாளிக்கு வேலை கொடுக்க இயலாத நிலையையே அது குறித்தது. ஆளையே குறைப்பதற்கு 'ரிட்ரென்ச்மென்ட்' என்று தனிச்சொல் இருந்தது.

இன்னொன்று, 'வாஸ்' என்பதை விழுங்கிவிடாதீர்கள். தமிழில் 'நீக்கினேன்', 'நீக்கப்பட்டேன்' இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் அங்கேயும். 'ஐ ஃபயர்டு' என்றால் நீங்கள் யாரையோ நீக்கியதாகிவிடும். 'லெட் கோ' என்ற பூசி மெழுகும் சொல் எனக்குப் பிடிப்பதில்லை, ஏனெனில் குற்றத்துக்காக நீக்கினாலும் ஆட்குறைப்பில் நீக்கினாலும் அதையே சொல்வார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அடுத்த முறை, பிரிவு மூடப்பட்டதைச் சொல்லிவிட்டு 'ஐ வாஸ் லெய்டு ஆஃப்' என்கிறேன். கடிதத்தின் தலைப்பில் 'டெர்மினேஷன்' என்றும் இருக்கிறதே?

மறுமொழி 1:
அது பணி ஒப்பந்தம் முடிவுக்கு வந்ததைக் குறிக்கும் பொதுச்சொல்; காரணத்தை அடுத்த வரியில் தேடுங்கள். 'ஃபார் காஸ்' என்று இருந்தால்தான் உங்கள்மீது குற்றம் சாட்டுகிறார்கள் என்று பொருள்.