எக்ஸ்ரே தெளிந்த பிறகும் போகாத களைப்பு

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் இருமலுக்காகப் போனேன். முதலில் காசநோய் என்று சந்தேகப்பட்டார்கள். சளியில் ஒன்றும் இல்லை. கழுத்து நிணநீர்க் கணுவில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்துத்தான் சார்கொயிடோசிஸ் என்றார்கள். நுரையீரலிலும் கணுக்களிலும் சின்னச் சின்ன வீக்கக் கட்டிகள் வரும் வருத்தம் அது. வீக்கத்தை அடக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை தொடங்கியதும் இருமல் நின்றது, ஆறு மாதத்தில் எக்ஸ்ரேயும் தெளிந்தது. களைப்பு மட்டும் போகவில்லை.

மரக்கறிப் பையோடு வந்து இரண்டாம் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவேன். மூச்சு வாங்காது, ஆனால் கால் எழும்பாது. தலை இழுக்கக் கையைத் தூக்க ஏலாது. எட்டு மணித்தியாலம் படுத்து எழும்பினாலும் அப்படியேதான். "படுத்துப் படுத்துத்தான் உடம்பு இப்படி ஆகுது" என்பார் மாமி. கிளினிக்கிலும் "ரிப்போர்ட் எல்லாம் வடிவா இருக்கு, யோசிக்காதேங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபடியே அழுதேன்.

பிறகு பார்த்த டொக்டர் பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளைத் தந்தார். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. 22 வந்தாலே களைப்பைக் கவனிக்க வேண்டும் என்றார். எனக்கு 36. வீக்கம் அடங்கிய பிறகும் இந்த வருத்தத்தில் களைப்பு பலருக்கு நிற்கும் என்றும் சொன்னார். அடுத்த முறை மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

தைராய்ட், சீனி, இரத்தச்சோகை எல்லாம் பார்த்தார். நித்திரையில் மூச்சு தடைப்பட்டாலும் இப்படி வருமாம், அதனால் குறட்டை விடுகிறேனா என்று கணவரிடம் கேட்டார். கடைசியில் அகப்பட்டது பிரெட்னிசலோன் போடும் நேரம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தேன், அது நித்திரையைக் கெடுக்கும். காலைக்கு மாற்றினார். அப்புறம்தான் ஓரளவு தூங்கினேன்.

முழுக்கச் சரியாகவில்லை. ஒரு கொப்பியில் மணி போட்டு எழுதிப் பார்த்ததில், பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் விழுகிறேன் என்று தெரிந்தது. இப்போது சமையலைக் காலையிலேயே முடித்து, இரண்டு மணிக்கு அலாரம் வைத்து 20 நிமிடம் படுக்கிறேன். மாலையில் மரைன் டிரைவில் நடை. முதலில் 5 நிமிடம், இப்போது 25. நல்லாயிருக்கிற நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டால் அடுத்த இரண்டு நாளும் போய்விடும். கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழகியதுதான் எனக்குப் பெரிய பாடு.

பதில், கொட்டாஞ்சேனையிலிருந்து:
அக்கா, என் அண்ணாவுக்கும் இதே வருத்தம். களைப்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, விட்டமின் டியும் கல்சியமும் வாங்கிக் கொடுத்தோம். தாகம், மலச்சிக்கல், களைப்பு இன்னும் கூடியது. பார்த்தால் இரத்தத்தில் கல்சியம் ஏறியிருந்தது. இந்த வருத்தத்தில் உடம்பே விட்டமின் டியை அளவுக்கு மேல் இயங்க வைத்துவிடுமாம், அதனால்தான் கல்சியம் ஏறுமாம். டொக்டரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

பதில்:
இது எனக்குத் தெரியாது தம்பி. அலமாரியில் ஒரு போத்தல் இருக்கிறது. திங்கட்கிழமை கிளினிக்குக்குக் கொண்டு போகிறேன். அண்ணாவுக்கு இப்போது எப்படி?