மறுமொழி: அடைத்த போர்ச்சுக்குச் சொல் – இடைகழி போதுமே

நண்பர்களுக்கு,

வாசல், கதவு தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பட்டியலில், வாசலுக்கு முன்னால் கூரையிட்ட இடமான ‘போர்ச்’ ஒன்றுக்கே நான்கு பரிந்துரைகள் வந்து நிற்கின்றன: முகப்பு, முன்மண்டபம், நுழைவறை, காற்றுப்பூட்டு. நான்கும் ஒரே பொருளைக் குறிக்கவில்லை. முதலில் அதைப் பிரித்துக்கொள்ளலாம்.

கூரையும் தூணும் மட்டும் உள்ள திறந்த போர்ச், மழையும் வெயிலும் கதவில் நேராகப் படாமல் காக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான். சுவர் எழுப்பி வெளியே இன்னொரு கதவும் வைத்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. ஒரு கதவை மூடிய பிறகு மற்றதைத் திறக்கிறோம். வெளிக்காற்று வீட்டுக்குள் நேராகப் பாய்வதில்லை. திறந்ததற்கு ‘முன்மண்டபம்’ சரி. ‘முகப்பு’ என்பது கட்டடத்தின் முன்பக்கம் முழுவதற்கும் ஏற்கெனவே வழங்குகிறது, அதை விட்டுவிடுவோம். அடைத்ததற்குத்தான் சொல் வேண்டும்.

> காற்றுப்பூட்டு என்றால் வேலையே பெயரில் வந்துவிடுகிறது.

வருகிறதுதான். ஆனால் அதன் ஆங்கில மூலமான ‘ஏர்லாக்’ என்பது விண்கலத்திலும் நீர்மூழ்கியிலும் இருப்பது. இரு பக்க அழுத்தத்தையும் சமன் செய்யும் காற்றுப்புகா அறை. செருப்பும் குடையும் வைக்கிற இடத்துக்கு இந்தப் பெயர் கனம். போதாக்குறைக்கு, கதவுப் பட்டியலில் ‘பூட்டு’ என்று கண்டால் எல்லோரும் சாவியைத்தான் தேடுவார்கள்.

என் பரிந்துரை இடைகழி. பொய்கையாழ்வார் பாட்டிலேயே இருக்கிற சொல். பேச்சில் ரேழி என்று மருவி இன்றும் புழங்குகிறது. புதிதாக ஒன்றை ஒட்டவைக்க வேண்டியதில்லை.

> ரேழி வீட்டுக்குள் இருப்பது. போர்ச் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. எப்படிப் பொருந்தும்?

நியாயமான கேள்வி. ஆனால் வெளிவாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே நின்று கடக்கிற வழி என்பதுதான் அதன் அடிப்படை. பிற்பாடு கட்டிச் சேர்த்தாலும் அந்த வேலை மாறுவதில்லை. நான் கவலைப்படுவது நீளத்தைப் பற்றி. போதிய நீளமில்லாமல் அடைத்துவிட்டால், முதல் கதவை மூட இடமின்றி இரண்டும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும். காற்று தாராளமாக உள்ளே போகும். அமெரிக்க அணுகல் விதி, அடுத்தடுத்த இரு கதவுகளுக்கு நடுவே, அந்த இடத்துக்குள் திறக்கும் கதவின் அகலம் போக 48 அங்குலம் கேட்கிறது. சக்கர நாற்காலியைக் கருதி வைத்த அளவு அது. பையும் குழந்தையுமாக வருபவருக்கும் அந்த இடம் உதவும். விளக்கக் குறிப்பில் ‘ஒரு கதவை மூடிவிட்டு மற்றதைத் திறக்குமளவு இடமுள்ளது’ என்று சேர்த்துவிடலாம்.

அடுத்து ‘ஸ்டார்ம் டோர்’. ‘புயல் கதவு’ வேண்டாம், புயல் அடித்தால் முதலில் பறப்பதே அதுவாகத்தான் இருக்கும்! தலைவாசல் கதவுக்கு வெளியே, அதே நிலைச்சட்டத்தில் பொருத்துகிற மெல்லிய கண்ணாடிக் கதவு அது. சாரலையும் காற்றையும் தான் வாங்கிக்கொள்ளும். சாரல் கதவு என்கிறேன். வெயில் நேராக விழும் வாசலில் இரண்டு கதவுக்கும் நடுவே வெப்பம் தேங்கி, உட்கதவின் வண்ணத்தையும் பிளாஸ்டிக் பட்டைகளையும் கெடுத்துவிடும். அடர்நிறக் கதவு என்றால் இன்னும் மோசம். வாங்குபவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதையும் குறிப்பில் போடலாம்.

‘பேனல் டோர்’, ‘பிளாங்க் டோர்’ இரண்டுக்கும் பலகைக் கதவு என்றே பட்டியலில் இருக்கிறது. பிரிக்க வேண்டும். மரம் ஈரத்தில் நாருக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரியும். நீளவாட்டில் அசைவு மிகக் குறைவு. அதனால் பேனல் கதவில் நடுப்பலகையைப் பசை போட்டு ஒட்டாமல் சட்டத்தின் காடியில், அதாவது அதில் செதுக்கிய பள்ளத்தில், சொருகிவிடுவார்கள், உள்ளேயே அது விரிந்து சுருங்கிக்கொள்ளும். சட்டந்தான் கதவின் வடிவத்தைப் பிடித்து நிறுத்துகிறது. எனவே அது சட்டக் கதவு. வெறும் பலகைகளைச் சேர்த்துக் குறுக்குக்கட்டை அறைந்தது பலகைக் கதவு.

வாசலின் அடியில் குறுக்கே கிடக்கும் ‘த்ரெஷோல்ட்’டுக்கு நிலைப்படி. வாசற்படி என்றால் ஏறிவருகிற படிகளும் அதில் சேர்ந்துவிடும்.

மிச்சம் இருப்பது ‘வெதர்ஸ்ட்ரிப்’. ‘வானிலைப் பட்டை’ என்று எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதைக் கேட்டால் மழை வருமா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. நிலைச்சட்டத்தைச் சுற்றி ஒட்டும் ரப்பருக்கு அடைப்புப் பட்டை போதும். கதவின் அடியில், மூடும்போது தானே இறங்கி இடைவெளியை அடைக்கிற ஒன்று இருக்கிறதே, அதற்கு எனக்கு ‘இறங்குபட்டை’ வரைதான் எட்டுகிறது. தச்சுவேலை தெரிந்தவர்கள் யாராவது இதைவிட நல்லதாகச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.