இங்கிலாந்தின் டோவர் பக்கம் கன்வால்வுலஸ் ஹாக்மாத் அந்துப்பூச்சி?

கேள்வி: செப்டம்பர் நடுவில், வேலிக்கம்பத்தில் பெரிய சாம்பல்நிற அந்துப்பூச்சி. வயிற்றோரம் இளஞ்சிவப்புப் பட்டைகள். பிரிவெட் ஹாக்மாத்தா, தெற்கிலிருந்து வலசை வந்த கன்வால்வுலஸா?

பதில்: பிரிவெட் பெரும்பாலும் ஜூன், ஜூலையோடு சரி. ஆனால் மாதத்தை மட்டும் நம்பாதீர்கள், முதுகைப் பாருங்கள். பிரிவெட்டுக்கு நெஞ்சுப்பகுதி கரும்பழுப்பு, பின்னிறகில் இளஞ்சிவப்பு. கன்வால்வுலஸுக்கு இரண்டும் சாம்பல்தான். வயிற்றுப் பட்டை இரண்டிலும் இருப்பதால்தான் இத்தனை குழப்பம். இறகை விரலால் விரிக்க வேண்டாம், செதில் உதிர்ந்துவிடும். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று போதும்.

பதில்: கன்வால்வுலஸைப் பார்க்க விளக்குப் பொறியைவிட வெள்ளை நிக்கோட்டியானா (புகையிலை இனச் செடி) பூ நல்லது. அந்தி சாய்ந்ததும் செடியருகே அசையாமல் நில்லுங்கள். பூவில் உட்காராது, அந்தரத்தில் நின்றபடியே, உடம்பைவிட நீளமான உறிஞ்சுகுழலைக் குழாய்ப்பூவுக்குள் விடும். பளீரென்று டார்ச் அடித்தால் போய்விடும், சிவப்புத் தாள் சுற்றுங்கள்.

பதில்: மாவட்டத்தில் அந்துப்பூச்சிப் பதிவுகளைத் திரட்டுபவருக்கு நாள், இடத்தைக் காட்டும் ஆறு இலக்க வரைபடக் கட்ட (கிரிட்) எண், கண்ட விதம், படம் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். படமில்லாத பதிவு நிற்பது கடினம். நம்மூரில் சர்க்கரைவள்ளி இலையைத் தின்னும் கொம்புப்புழு இதே கன்வால்வுலஸ் இனம்தான். இங்கே பைண்ட்வீட் என்ற களைக் கொடியில் புழு அகப்பட்டால் அதையும் தனியாகப் பதியுங்கள். கூட்டுப்புழு இங்கத்திய குளிரைத் தாண்டுவது அரிது.