டபிள்யூ-2 படிவத்தில் என் சம்பளம் மூன்று கட்டங்களில் மூன்று விதமாக இருக்கிறது: எது சரி?

தென்றல்:
அனைவருக்கும் வணக்கம். நான் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். நிறுவனம் ஆண்டுதோறும் ஊழியருக்குத் தரும் சம்பள, வரி விவரப் படிவமான டபிள்யூ-2, 2025-ஆம் ஆண்டுக்கானது, ஜனவரி இறுதியில் வந்து சேர்ந்தது. இந்த முறை வரிக் கணக்கை நானே தாக்கல் செய்ய வேண்டும் என்று முடிவு செய்திருப்பதால், படிவத்தை ஒவ்வொரு கட்டமாகப் படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

பணி நியமனக் கடிதத்தின்படி என் ஆண்டுச் சம்பளம் 1,20,000 டாலர். ஆண்டு முழுவதும் அதில் மாற்றம் எதுவும் இல்லை, போனஸும் இல்லை. ஆனால் 1-ஆம் கட்டத்தில் 1,02,096 என்றும், 3, 5 ஆகிய கட்டங்களில் 1,14,096 என்றும், மாநிலத்துக்குரிய 16-ஆம் கட்டத்தில் 1,05,496 என்றும் போட்டிருக்கிறார்கள். 1,20,000 என்ற தொகை படிவத்தில் எங்குமே இல்லை. 12-ஆம் கட்டத்தில் சி 96, டி 12,000, டபிள்யூ 3,400, டிடி 11,400 என்று நான்கு குறியீடுகள் உள்ளன. இவற்றில் டிடி என்பது பெரிய தொகையாக இருப்பதால், அதையும் வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டுமோ என்ற அச்சம் இருக்கிறது. சம்பளப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். படிவம் சரியாகவே இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் வந்தது. சரியாக இருக்கலாம், ஆனால் எப்படிச் சரி என்று தெரியாமல் தாக்கல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நிதானம்:
வணக்கம் தென்றல். தெரியாமல் தாக்கல் செய்ய மாட்டேன் என்று நீங்கள் நிற்பது மிகவும் நல்லது. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். டபிள்யூ-2 உங்கள் சம்பளத்தைச் சொல்வதற்காக ஏற்பட்ட படிவம் அன்று. ஒவ்வொரு வரியையும் எந்தத் தொகையின்மேல் கணக்கிட வேண்டுமோ அந்தத் தொகையைத் தனித்தனிக் கட்டத்தில் அது காட்டுகிறது. 1-ஆம் கட்டம் ஃபெடரல், அதாவது நாட்டு அரசின் வருமான வரிக்கானது; 3-ஆம் கட்டம் அரசு ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி வரிக்கானது; 5-ஆம் கட்டம் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கானது; 16-ஆம் கட்டம் மாநில வருமான வரிக்கானது. எந்தப் பிடித்தம் எந்த வரியிலிருந்து விலக்குப் பெறுகிறது என்பதை வெவ்வேறு சட்டங்கள் தீர்மானிப்பதால், ஒரே சம்பளம் நான்கு இடங்களில் வேறு வேறு தொகையாக நிற்கிறது.

இதை நேரில் பார்க்க, 2025-இல் உங்களுக்குக் கிடைத்த கடைசிச் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து சேர்ந்த மொத்தம் என்று ஒரு பத்தி இருக்கும். மொத்தச் சம்பளம், 401-கே (நிறுவனத்தின் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம்) பிடித்தம், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம், எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) பிடித்தம் ஆகிய நான்கையும் அந்தப் பத்தியிலிருந்து இங்கே எழுதுங்கள். வேலை செய்த நாள் எதுவாக இருந்தாலும் பணம் வழங்கப்பட்ட நாளே கணக்கு என்பதால், டிசம்பரில் செய்த வேலைக்கான சம்பளம் ஜனவரியில் வந்திருந்தால் அது அடுத்த ஆண்டின் படிவத்துக்குப் போய்விடும். அதனால்தான் நியமனக் கடிதத்தை வைத்து ஒப்பிடாமல் சீட்டை வைத்து ஒப்பிடச் சொல்கிறேன்.

தென்றல்:
மிக்க நன்றி. சீட்டில் உள்ளபடி எழுதுகிறேன்: மொத்தச் சம்பளம் 1,20,000, 401-கே 12,000, மருத்துவக் காப்பீடு 3,600, எச்.எஸ்.ஏ. 2,400. இவை தவிர, நிறுவனம் தன் பங்காக எச்.எஸ்.ஏ. கணக்கில் 1,000 டாலர் போட்டிருக்கிறது.

நானே கழித்துப் பார்த்தேன். மூன்று பிடித்தங்களையும் கழித்தால் 1,02,000 வருகிறது. படிவத்தில் 1,02,096 இருக்கிறது. 401-கேயைக் கழிக்காமல் மற்ற இரண்டை மட்டும் கழித்தால் 1,14,000 வருகிறது, படிவத்தில் 1,14,096. இரண்டு இடத்திலும் அதே 96 டாலர் இடிக்கிறது. இது எங்கிருந்து வருகிறது?

நிதானம்:
பாதிக்குமேல் நீங்களே அவிழ்த்துவிட்டீர்கள். அந்த 96 டாலர் 12-ஆம் கட்டத்தில் சி என்ற குறியீட்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது. நிறுவனம் தன் செலவில் உங்களுக்கு எடுத்துத் தரும் குழு ஆயுள் காப்பீட்டில் 50,000 டாலர் வரையிலான காப்பீட்டுக்கு வரி கிடையாது. அதற்கு மேற்பட்ட பகுதியின் செலவை ஒரு நிர்ணயிக்கப்பட்ட அட்டவணைப்படி மதிப்பிட்டு, பணமாக உங்கள் கைக்கு வராவிட்டாலும் சம்பளமாகவே கருதி, 1, 3, 5 ஆகிய மூன்று கட்டங்களிலும் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட தொகை என்பதால் நீங்கள் எங்கும் மறுபடி கூட்ட வேண்டியதில்லை.

இனி மற்ற குறியீடுகள். டி என்பது உங்கள் 401-கே பங்களிப்பு. அது 1-ஆம் கட்டத்திலிருந்து கழிகிறது. ஆனால் 3, 5 ஆகியவற்றிலிருந்து கழிவதில்லை. ஊழியர் ஒத்திவைக்கும் இந்தத் தொகைக்கும் சோஷியல் செக்யூரிட்டி வரி உண்டு என்று 1983-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் நிலைநாட்டியது. இதில் உங்களுக்கு இழப்பு என்று நினைக்க வேண்டாம். பிற்காலத்தில் கிடைக்கும் ஓய்வூதியம் இந்த 3-ஆம் கட்டத் தொகைகளை வைத்தே கணக்கிடப்படுகிறது. பங்களிப்பு ராத் வகையாக (வரி கட்டிய பணத்திலிருந்து போடுவதாக) இருந்தால் குறியீடு ஏஏ என்று மாறும், அப்போது 1-ஆம் கட்டமும் குறையாது.

டிடி குறித்து அஞ்ச வேண்டாம். உங்கள் மருத்துவக் காப்பீட்டுக்கு நீங்களும் நிறுவனமும் சேர்ந்து செலுத்திய மொத்தச் செலவு 11,400 என்று அது தெரிவிக்கிறது; அதில் 3,600 உங்கள் பங்கு, மீதம் 7,800 நிறுவனத்தின் பங்கு. இது தகவலுக்காக மட்டுமே தரப்படுவது, வருமானம் ஆகாது. தாக்கல் மென்பொருளில் உள்ளபடியே பதிந்துவிட்டு நகருங்கள்.

டபிள்யூ என்ற குறியீட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அங்கே உள்ள 3,400 என்பது உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்த 2,400-உம் நிறுவனம் போட்ட 1,000-உம் சேர்ந்தது. உங்கள் பணமும் அதில் அடங்கியிருந்தாலும், சம்பளத்தின் வழியாகப் போனதால் முழுவதையும் நிறுவனத்தின் பங்களிப்பு என்றே படிவம் கருதுகிறது. எச்.எஸ்.ஏ.வுக்கான 8889 என்ற படிவத்தில் 9-ஆவது வரிசையில் இந்த 3,400 வரும். 2,400 நான் போட்டதுதானே என்று 2-ஆவது வரிசையிலும் எழுதினால், ஏற்கெனவே 1-ஆம் கட்டத்தில் கழிந்துவிட்ட தொகையை இரண்டாம் முறை கழித்ததாகிவிடும். மென்பொருள் இந்த இடத்தில் கேட்கும் கேள்வியை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

16-ஆம் கட்டத்துக்கும் விடை இங்கேயே இருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் எச்.எஸ்.ஏ.வுக்கு வரிவிலக்கு அளிப்பதில்லை. ஆகவே உங்கள் 2,400-உம் நிறுவனத்தின் 1,000-உம் மாநிலக் கணக்கில் திரும்பச் சேர்கின்றன: 1,02,096 உடன் 3,400 கூட்டினால் 1,05,496. படிவம் சரி. மாநிலக் கணக்கை முடிக்கும்போது இந்த 3,400 ஒரே ஒரு முறைதான் கூட்டப்பட்டிருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள். எச்.எஸ்.ஏ. கணக்கில் சேரும் வட்டிக்கும் கலிபோர்னியாவில் வரி உண்டு.

பிடித்த சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகளைக் காட்டும் 4, 6 ஆகிய கட்டங்களையும் ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிடுங்கள். 1,14,096-இல் 6.2 விழுக்காடு 7,073.95, 1.45 விழுக்காடு 1,654.39. சில காசுகள் வேறுபடலாம், ஒவ்வொரு சம்பளத்திலும் முழுமையாக்கியதால் வருவது அது. டாலர் கணக்கில் வேறுபட்டால் சம்பளப் பிரிவைக் கேளுங்கள்.

இளவேனில்:
இதே இழையில் என் கேள்வியையும் கேட்டுக்கொள்கிறேன், பொறுத்தருள்க. நான் 2025-இன் நடுவில் நிறுவனம் மாறினேன். முதல் படிவத்தில் 3-ஆம் கட்டம் 90,000, 4-ஆம் கட்டம் 5,580. இரண்டாவதில் 1,10,000, 6,820. சோஷியல் செக்யூரிட்டி வரிக்கு உச்சவரம்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். இரண்டு நிறுவனங்களும் முழுதாகப் பிடித்திருக்கின்றனவே, இது யாருடைய பிழை?

நிதானம்:
யாருடைய பிழையும் அன்று. 2025-க்கு உச்சவரம்பு 1,76,100 டாலர். அதன்படி ஒருவர் கட்ட வேண்டிய அதிகபட்ச வரி 10,918.20. ஒரு நிறுவனம் பிடித்ததை மற்றொன்று அறியாது, அறிந்தாலும் கணக்கில் கொள்ளக் கூடாது. உங்களிடம் மொத்தம் 12,400 பிடித்திருக்கிறார்கள். கூடுதலாகப் போன 1,481.80 டாலரை வருமான வரிக் கணக்கிலேயே ஷெட்யூல் 3 என்ற இணைப்புப் படிவத்தின் 11-ஆவது வரிசையில் வரவாகக் கோரலாம். இரண்டு படிவங்களையும் தனித்தனியாகப் பதிந்தால் மென்பொருளே இதைக் கண்டுபிடிக்கும். இரண்டையும் கூட்டி ஒரே படிவம்போலப் பதிந்தால் கண்டுபிடிக்காது. உச்சவரம்பு ஆளுக்கு ஆள் தனி என்பதால், கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தாலும் இருவரின் தொகையைக் கூட்டக் கூடாது. ஒரே நிறுவனம் வரம்பை மீறிப் பிடித்திருந்தால் நிலைமை வேறு: அதை அந்த நிறுவனத்திடமிருந்துதான் திரும்பப் பெற வேண்டும். மெடிகேருக்கு உச்சவரம்பே கிடையாது.

மாணவர் விசா:
ஐயா, நான் எஃப்-1 என்ற மாணவர் விசாவில், படிப்பு சார்ந்த தற்காலிக வேலை அனுமதியான ஓ.பி.டி.யில் இருக்கிறேன். அமெரிக்கா வந்து மூன்றாவது ஆண்டு. என் நண்பரின் படிவத்தில் 3 முதல் 6 வரையிலான கட்டங்கள் வெறுமையாக உள்ளன. என்னுடையதில் தொகை இருக்கிறது. இரண்டில் எது முறை?

வரவுசெலவு:
நிதானம் ஐயாவுக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். உங்கள் நண்பருடையதுதான் முறை. எஃப்-1 விசாவில் வந்தவர் முதல் 5 நாட்காட்டி ஆண்டுகளில் பொதுவாக வரிச் சட்டப்படி நாட்டில் வசிக்காதவராகவே (நான்ரெசிடென்ட்) கருதப்படுகிறார். அந்தக் காலத்தில் அனுமதிபெற்றுச் செய்யும் வேலைக்கு சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் பிடிக்கக் கூடாது. டிசம்பரில் வந்து இறங்கியிருந்தாலும் அந்த ஆண்டு ஒரு முழு ஆண்டாகவே எண்ணப்படும். முதலில் நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள். அவர்கள் பணத்தைத் திருப்பித் தந்து, டபிள்யூ-2சி என்ற திருத்தப் படிவத்தையும் தர வேண்டும். மறுத்தால் 843, 8316 ஆகிய படிவங்களை வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அனுப்பிக் கோரலாம்.

தென்றல்:
நிதானம் ஐயா, நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு கட்டத்தையும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் டாலர் பிசகாமல் வந்துவிட்டது. 13-ஆம் கட்டத்தில் ஓய்வூதியத் திட்டம் என்ற இடத்தில் குறி இட்டிருக்கிறார்களே, அதற்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமா? நான் தனியாக, மணமாகாதவளாகத் தாக்கல் செய்கிறேன். எச்.எஸ்.ஏ.விலும் எனக்கு மட்டுமான காப்பீடுதான், ஆண்டு முழுவதும் இருந்தது.

நிதானம்:
அந்தக் குறி நிறுவனத்தின் திட்டத்தில் நீங்கள் பங்கேற்றீர்கள் என்பதைத்தான் சொல்கிறது. தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கான மரபுவழி ஐ.ஆர்.ஏ.வில் பணம் போட்டு வரிக்கழிவு பெற நினைத்திருந்தால் மட்டுமே அது உங்களைத் தொடும்: திட்டத்தில் இருக்கும் மணமாகாதவருக்கு 2025-இல் வருமானம் 79,000-ஐத் தாண்டும்போது கழிவு குறையத் தொடங்கி 89,000-இல் அற்றுப்போகிறது. உங்கள் வருமானத்துக்கு அந்தக் கழிவு இல்லை.

ஆனால் எச்.எஸ்.ஏ.வில் உங்களுக்கு இடம் மிச்சம் இருக்கிறது. ஒருவருக்கு மட்டுமான காப்பீட்டுக்கு 2025-இன் வரம்பு 4,300 டாலர். உங்கள் டபிள்யூ குறியீடு 3,400. மீதமுள்ள 900 டாலரை உங்கள் வங்கியிலிருந்து நேரடியாகக் கணக்கில் போடலாம். 2026 ஏப்ரல் 15-க்குள் போட வேண்டும். தாக்கலுக்குக் கூடுதல் அவகாசம் வாங்கினாலும் இந்தத் தேதி நீளாது. போடும்போது இது 2025-ஆம் ஆண்டுக்கான பங்களிப்பு என்று கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் பக்கத்தில் மறக்காமல் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் 2026-இல் சேர்த்துவிடுவார்கள். இந்த 900 சம்பளத்தின் வழியாகப் போகாத பணம் என்பதால், 8889 படிவத்தின் 2-ஆவது வரிசையில் அதை மட்டும் எழுதுங்கள். ஃபெடரல் கணக்கில் அது கழியும். கலிபோர்னியா கணக்கில் கழியாது.