“நான் யார்” என்றால் எல்லாரும் ஒரே கட்டுரைதான் எழுதுகினம்

உப்புவெளி டீச்சர்:
வணக்கம். தரம் 9, 36 பிள்ளைகள். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் கலந்த வகுப்பு. “நான் யார்” என்று எழுதச் சொன்னால் பெயர், சமயம், ஊர், பிடித்த விளையாட்டு, அவ்வளவுதான். மற்றவர் கண்ணில் தாங்கள் எப்படித் தெரிகிறோம் என்று யோசிக்க வைக்க வேணும். ஆனால் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதவிட்டால் பட்டப்பெயரில் போய் முடியும். 40 நிமிடப் பாடவேளை இரண்டு இருக்கு. என்ன செய்யலாம்?

மூதூர் சேர்:
ஜொஹாரி சாளரம் செய்யுங்கோ. ஒரு சொற்பட்டியலில் இருந்து தன்னைத் தான் காண்பதையும் மற்றவர் காண்பதையும் தெரிவு செய்து ஒப்பிடுகிற பயிற்சி அது. ஜொஹாரி ஒரு ஆள் இல்லை. 1955இல் இதைக் கொண்டுவந்த ஜோசப் லுஃப்ட், ஹரிங்டன் இங்ஹாம் இருவரின் முதற்பெயர்களைச் சேர்த்த பெயர். வழமையாகப் பாவிக்கிற பட்டியலில் 56 சொற்கள். உங்களுக்கு 24 போதும். பொறுமை, துணிவு, பகிடி, கூச்சம், பிடிவாதம், அவசரம் மாதிரி. நிறம், உடம்பு, புள்ளி பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பட்டியலுக்கு வெளியே எழுத இடமில்லை என்றால் பட்டப்பெயரும் வராது.

ஆறு பேராக ஆறு குழு. தனக்கு 5 சொல், மற்ற ஐவருக்கும் ஆளுக்கு 3 சொல். அச்சடித்த தாளில் சரி அடையாளம் மட்டும் போடட்டும். எழுதினால் கையெழுத்தில் ஆளைப் பிடித்துவிடுவினம். பிறகு நாலு கட்டம்: இருபக்கமும் தெரிவானது, மற்றவர் மட்டும் கண்டது, தான் மட்டும் சொன்னது, ஒருவரும் தொடாதது. பேச்சுக்கு இரண்டாவது கட்டமே போதும். நாலாவதைக் கிண்டவேண்டாம்.

கூட்டாளிகள் ஒரே குழுவில் இருந்தால் வெறும் புகழ்ச்சிதான் வரும். இடாப்பு இலக்கப்படி பிரியுங்கோ. தாள்களை நீங்களே சேர்த்துக் கொடுங்கோ, சத்தமாக வாசிக்கவே கூடாது.

கோட்டையடி:
சேர் சொன்னது சரி, ஆனால் எடுத்த எடுப்பில் தன்னையே மேசையில் வைத்தால் பிள்ளை சுருங்கிப்போகும். முதல் 15 நிமிடம் திருகோணமலைக் கோணேசர் மலையைக் கொடுங்கோ. அதே மலை கோயிலுக்குப் போற அம்மாவுக்கு, கரை பார்த்துத் தோணி திருப்புற மீனவருக்கு, பிரெட்ரிக் கோட்டை வாசலில் காவல் நிற்கிறவருக்கு, இராவணன் வெட்டு என்கிற மலைப் பிளவைப் படம்பிடிக்க வந்த உல்லாசப் பயணிக்கு என்னவாகத் தெரியும்? குழுவுக்கு ஒரு ஆள், நாலு வரி, “நான்” என்று தொடங்க வேணும். “முஸ்லிமின் பார்வை”, “சிங்களவரின் பார்வை” என்று பிரிக்காதீங்கோ. வகுப்பிலுள்ள ஒரு பிள்ளை முழு இனத்துக்கும் பதில் சொல்ல வேண்டி வந்துவிடும்.

பிறகு ஜொஹாரி. வீட்டு வேலையாக “என்னை யார் எப்படிக் கூப்பிடுகினம்” என்று ஐந்து பேர். ஒரே பிள்ளை ஒருவருக்குப் பேத்தி, ஒருவருக்கு மச்சாள், கடைக்காரருக்கு இன்னார் மகள். கிண்ணியா முஸ்லிம் பிள்ளை என்றால் தம்பிக்கு ராத்தா (அக்கா). ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்த ஆளுக்கு முன்னால் தான் செய்யாத ஒன்று. பேத்தியாக இருக்கும்போது மறுத்துக் கதைக்கிறதில்லை, அந்த மாதிரி. கட்டுரை அதில இருந்துதான் பிறக்கும்.

உப்புவெளி டீச்சர்:
நன்றி. தாய் தகப்பன் இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளும் இருக்கினம்.

கோட்டையடி:
அதனால்தான் ஐந்து பேரையும் பிள்ளையே தெரிவு செய்யட்டும். அம்மா, அப்பா என்று கட்டம் போட்டுக் கொடுக்காதீங்கோ, டீச்சர். கூப்பிட ஐந்து பேர் வராவிட்டால் மூன்று போதும்.