10 நிமிடத்தில் ட்ரிப் ஆகும் கீசர்: வெள்ளவத்தையிலிருந்து உதவி கோருகிறோம்

ரொறன்ரோவில் பனிக்காலத்தைக் கழிக்க முடியாமல், ஓய்வுபெற்ற பின் ஆண்டுதோறும் டிசம்பரில் வெள்ளவத்தைக்கு வந்து மார்ச் வரை தங்கும் எங்களுக்கு, இம்முறை குளியலறைக் கீசர் பெரும் தொல்லையாகிவிட்டது. பனியில் வாழ்ந்தவர்களுக்குக் கொழும்பில் என்ன குளிர் என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். ஆனால் மழை பெய்த விடியற்காலையில் மூட்டுவலியுள்ள என் மனைவியால் பச்சைத் தண்ணீரில் குளிக்க முடிவதில்லை.

கடற்கரைப் பக்கத் தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். கீசர் 30 லீற்றர், 1500 வாட்ஸ், 2019இல் பொருத்தியது. போட்டு ஏறத்தாழ 10 நிமிடங்கள் ஒழுங்காகச் சூடாகும். பிறகு பிரதான ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு முழுவதும் இருளாகிவிடும். உடனே மீண்டும் போட்டால் சுவிட்ச் நிற்காமல் விழுந்துவிடும், இரண்டு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் அதே 10 நிமிடங்கள். கீசரை நிறுத்திவிட்டால் மற்ற எதனாலும் ட்ரிப் ஆவதில்லை.

மூன்று வாரங்களாக இதே நிலைதான். சூடாக்கும் கம்பிச்சுருளையும் தேர்மோஸ்டாற்றையும் மாற்றினோம். 30 மில்லிஅம்பியர் மின்கசிவில் விழும் ட்ரிப் சுவிட்சும் புதிதாகப் போட்டாயிற்று. முதலில் வந்த இலெக்ட்ரீஷியன் சுவருக்குள் போகும் வயரில் ஈரம் என்றார். அடுத்தவர் எதையும் அளந்து பார்க்காமலே புதுக் கீசர் வாங்கச் சொன்னார், அதில் எனக்கு நம்பிக்கையில்லை.

மின்கசிவு கீசருக்குள்ளா, அதற்குப் போகும் வயரிலா என்பதை, புதியது வாங்குமுன் எந்தச் சோதனையால் உறுதிசெய்யலாம்?